நீலத்துக்குக் கீழே

போன மாதம் நியூ டவுனிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் சுபீர். பல வருடம் எங்கள் கராஜில் என்னோடு வேலை பார்த்தவர். இப்போது அங்கே ஒரு பெரிய பாடி ஷாப்பில் பெயின்ட் பிரிவுக்கு மேனேஜர். படத்தில் ஏசி போட்ட கண்ணாடி அறை, நடுவில் ஒரு பழைய ஃபைபர் கிளாஸ் கார், அதன் பானட் மேல் ஒரு டின் பெயின்ட் ரிமூவர். டின் இன்னும் திறக்கவில்லை. கீழே, "ஷேதுதா, ஊத்தலாமா?" என்று கேட்டிருந்தார்.

"கூடாது" என்று பதில் போட்டேன்.

"ஏன்?" என்று கேட்டார்.

போனில் தட்டுவது எனக்குக் கஷ்டம். வாழ்நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனியில் ரேகை மழுங்கிவிட்டது. ரேஷன் கடை மெஷின் என்னை நானாக ஏற்றுக்கொள்வதில்லை, போனும் அப்படித்தான். காகிதத்தில் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சுபீருக்குத் தமிழ் தெரியாது என்பது பாதி எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு வேண்டியதை வங்காளத்தில் போனிலேயே சொல்லிவிட்டேன். எழுதியதை நிறுத்த மட்டும் மனம் வரவில்லை.

என் பெயர் சேதுராமன். வங்காளிகள் வாயில் ஷேது, சின்னவர்களுக்கு ஷேதுதா, அதாவது ஷேது அண்ணன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வங்காளத்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஃபிட்டராக வந்தவர். நான் ரயில்வேயில் சேரவில்லை. ரயில்வே என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று சொல்வதுதான் சரி. பவானிபூரில் ஒரு சந்துக்குள் ஹால்தார் பாபு என்பவருடைய கராஜ் இருந்தது. அங்கே பெயின்ட் வேலைக்குப் போனேன். முதலில் தேய்க்கிற உப்புத்தாளை, வாட்டர் பேப்பரை, நனைத்துக் கொடுத்தேன். பிறகு தேய்த்தேன். பிறகு பட்டி பார்த்தேன். பிறகு ஸ்ப்ரே கன்னைக் கழுவினேன். கடைசியில் அதைப் பிடிக்கவும் விட்டார்கள். தொழில் கற்றுக்கொண்டதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஹால்தார் பாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. பெயின்ட் கராஜ் முதலாளியின் வெள்ளைச் சட்டையில் ஒரு புள்ளி பெயின்ட்டை நான் பார்த்ததில்லை. அவர் குரல் உயர்ந்தும் கேட்டதில்லை. யாரிடமும் முடியாது என்று சொல்ல மாட்டார். "தேகா ஜாக்" என்பார், பார்க்கலாம் என்று அர்த்தம். வந்தவர்கள் அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். எங்களுக்குத் தெரியும், அது சம்மதமாகவும் இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதைச் சொன்ன கையோடு டீ சொன்னால் சம்மதம்.

ஒரு வண்டி உள்ளே வந்தால் அவர் பெயின்ட்டைப் பார்க்க மாட்டார். நடுவிரலை மடக்கி, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி, வண்டியைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். என்ன வட்டம் என்று கேட்டால் சொல்ல மாட்டார். வேலை அந்த இடத்துக்கு வரும்போது நமக்கே தெரிந்துவிடும். எத்தனையோ பேர் "இந்த வண்டி எங்கேயும் இடிச்சதே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வட்டம் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எதுவும் சொல்ல மாட்டார். வட்டத்தின் எண்ணிக்கை கூடக் கூட அவர்களே மெல்லப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

ஃபைபர் கிளாஸ் எங்களுக்கு அறிமுகமானது ஒரு பானட்டால். ஒரு டாக்டருடைய வண்டி. நிமாய் என்ற கூட்டாளி, தகர வண்டிக்குச் செய்கிற மாதிரியே பிரஷ்ஷால் ரிமூவரைப் பூசிவிட்டுச் சாப்பிடப் போனான். தகரத்தில் ரிமூவர் பட்டால் பெயின்ட் நெளிந்து எழும்பும், பட்டித் தகட்டால் வழித்து எடுத்துவிடலாம். இங்கேயும் பெயின்ட் எழும்பியது. நிமாய் திருப்தியாக வழித்தான். அடியில் இருந்ததும் எழும்பியது. அதையும் வழித்தான். ஹால்தார் பாபு வந்து பார்த்தபோது பானட் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி இருந்தது. அவர் விரலால் ஒரு இடத்தை அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"நிமாய்," என்றார் மெதுவாக. "நீ பெயின்ட்ட எடுத்துட்ட. இப்ப காரையும் எடுத்துக்கிட்டிருக்க."

அதற்குப் பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கியவர் டாக்டருக்குப் புது பானட் செய்து கொடுத்த ஃபைபர் மிஸ்திரி. தகரக் காரில் உடம்பு முதலில், நிறம் கடைசியில். ஃபைபரில் அது தலைகீழ். அச்சுக்குள் முதலில் பூசுவதே வெளித்தோல்தான், ஜெல்கோட் என்பார்கள். நிறத்தை அதிலேயே கலந்துவிடலாம். அதன் பின்னால் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினைத் தடவித் தடவி அடுக்கி, இறுகியதும் அச்சிலிருந்து எடுத்தால் வண்டி. பிற்பாடு அதன் மேல் அடிக்கிற பெயின்ட்டுக்கும் அடியிலுள்ள ஜெல்கோட்டுக்கும் ரிமூவர் வித்தியாசம் பார்க்காது, இரண்டையும் தின்னும். சூடு காட்டினாலும் இளகும். ஆகவே கை ஒன்றுதான் வழி.

அந்தக் கை வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பொறுமைசாலி என்பதால் இல்லை, நிமாய் மாட்டேன் என்று சொன்னதால். ஃபைபர் தூசி உடம்பில் பட்டால் அரிக்கும். சாதாரண அரிப்பில்லை. வேலைக்கு முன்னால் கையெல்லாம் பவுடர் போட்டு, சட்டைக் கையை மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொள்வேன். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் தூசி இன்னும் உள்ளே இறங்கும். வீட்டில் என் மனைவி கோமதி என் துணிக்கென்று தனி வாளி வைத்திருந்தாள். "உங்க சட்டையோட சேர்த்துத் துவைச்சா தலையணை உறைகூட அரிக்குது. இந்த வேலையத்தான் செய்வேன்னு சொல்லுதீங்க, செய்யுங்க. வாசல்லயே சட்டையக் கழட்டிட்டு வாங்க" என்பாள். நான் வாசலில் சட்டையைக் கழற்றுவதைப் பார்த்துப் பார்த்து, மாடி வீட்டு வங்காளி அண்ணி அது தமிழர்களின் வழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாராம்.

ஃபைபருக்கு ஷேது என்று பேர் பரவியதில் கார் மட்டும் வரவில்லை. ஒரு குழந்தைகள் பூங்காவிலிருந்து ஃபைபர் புலி ஒன்று வந்தது. பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். சுரண்டச் சுரண்டக் கோடுகள் போய்விட்டன. கோடு போன பிறகு அது பெரிய பூனையாகக் கராஜ் வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. கோடு போடுகிறவருக்குக் காய்ச்சல் என்பதால் பல நாள் அப்படியே நின்றது. தெருவில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. திரும்ப எடுத்துப்போனபோது சிலர் வருத்தப்பட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜாதவ்பூரிலிருந்து வந்த காரைப் பற்றி.

தீபாவளியை ஒட்டி வருகிற காளி பூஜை முடிந்து காற்றில் ஈரம் குறைந்த சமயம். ஃபைபர் வேலைக்கு அதுதான் பருவம். மழைக்காலத்தில் தேய்த்தால் உடம்பு ஈரத்தைக் குடித்துவிட்டு, பெயின்ட் அடித்த பிறகு கொப்புளமாகத் துப்பும். ஒரு லாரியில் இரண்டு பேர் உட்காருகிற சின்னக் கறுப்பு கார் வந்து இறங்கியது. பின்னாலேயே வாடகைக் காரில் அண்ணனும் தங்கையும். அண்ணன் டிரைவருக்குப் பக்கத்தில், தங்கை பின் சீட்டில். அண்ணன் தேபாஷிஷ், பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது கால் சரியாக மடங்காது, கைத்தடி வைத்திருந்தார். தங்கை ருமா, ஸ்கூல் டீச்சர்.

அந்தக் காரை அவர்களுடைய அப்பா, ஓர் எஞ்சினியர், வீட்டு முற்றத்தில் தன் கையால் செய்திருக்கிறார். பழைய இங்கிலீஷ் கார் ஒன்றின் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் வைத்துக்கொண்டு மேலே ஃபைபரில் தானே உடம்பு வார்த்தார். ஒவ்வொரு குளிர்காலமும் பழைய கார்களின் அணிவகுப்புக்கு அதை ஓட்டிப்போவார். பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "இவ்வளவு வருஷத்துல இதுமேல ஒரு கீறல் விழுந்ததில்ல" என்று சொல்வாராம். முந்தைய வருடம்தான் காலமாகியிருந்தார். அந்த வருடம் தானே ஓட்டிப்போக வேண்டும் என்பது ருமாவின் ஆசை, அதுவும் கார் பிறந்தபோது இருந்த நிறத்தில்.

"சிவப்பு," என்றார் ருமா. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சிவப்பு கார்லதான் பாபா என்னை ஸ்கூல்ல விடுவார்."

"நீலம்," என்றார் தேபாஷிஷ். "அவ பொறக்கறதுக்கு முன்னாடி."

"தாதாவுக்கு அந்த காரே பிடிக்காது. ஒரு நாள்கூட அதுல ஏறினதில்ல. அவர் நிறம் சொல்றார்!"

இந்தப் பேச்சு எல்லாம் வங்காளத்தில் நடந்தது, நான் தமிழில் போடுகிறேன்; பாபா என்றால் அப்பா, தாதா அண்ணன், திதி அக்கா, அவற்றை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். இந்த நிறத் தகராறில் பல மாதமாகவே இருவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டு, நடுவில் ஆள் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள் என்பது சீக்கிரமே புரிந்தது. இப்போது நடுவில் நாங்கள் இருந்தோம். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: சுரண்டிப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் அடியில் எந்த நிறம் இருக்கிறதோ அதை அடிப்பது.

ஹால்தார் பாபு அதற்குள் காரைச் சுற்றித் தட்டி முடித்திருந்தார். இடது முன்சக்கரத்துக்கு மேலே தொடங்கி இடது கதவு முழுக்க, இதுவரை நான் பார்த்ததிலேயே நீளமான வட்டத்தைப் போட்டிருந்தார். தேபாஷிஷ் அந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். ருமா கவனிக்கவில்லை.

"உங்க கால்ல என்ன ஆச்சு, தாதா?" என்று கேட்டேன். உட்கார நாற்காலி போடுகிறபோது கேட்கிற சாதாரணக் கேள்விதான்.

பதில் சொன்னவர் ருமா. "ஒம்பது வயசுல ஓடற டிராம்லேருந்து குதிச்சார். பாபா எத்தனையோ தடவ சொல்லியும் கேக்கல. என் பசங்களுக்கு நான் இன்னிக்கும் இவரத்தான் உதாரணம் காட்றேன்."

"ஆமா," என்றார் தேபாஷிஷ்.

வேலையைத் தொடங்கினேன். மெல்லிய எஃகுத் தகடு, அதன் மூலைகளை உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோண்டிவிடும். தகட்டைப் படுத்த வாட்டத்தில் பிடித்து கட்டைவிரலால் தள்ளினால் மேல் பெயின்ட் சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். தகடு மறுக்கிற இடத்தில் கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பர். அப்போது கண் வண்டியில் இருக்கக் கூடாது, கீழே வழிகிற தண்ணீரில் இருக்க வேண்டும். கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று அதில் வேறொரு நிறம் இழையாக வரும். அந்த இழையைப் பார்த்ததும் கை நின்றுவிட வேண்டும். நிற்காத கை அடுத்த அடுக்கையும் தின்றுவிடும்.

அண்ணனும் தங்கையும் தினமும் வந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு கம்ப்ரஸர். கறுப்புக்குக் கீழே சிவப்பு வந்த அன்று ருமா எங்கள் எல்லோருக்கும் சிங்காரா, அந்த ஊர்ச் சமோசா, வாங்கிக் கொடுத்தார். தேபாஷிஷும் ஒன்று எடுத்துக்கொண்டார். "இன்னும் போகட்டும்" என்று மட்டும் சொன்னார். சிவப்புக்குக் கீழே நீலம் வந்தது. ருமா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்தார்.

"சரி. தாதா சொன்னதுதான் சரி," என்றார் என்னிடம். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்.

"முடிஞ்சது," என்றார் தேபாஷிஷ். "இதோட நிறுத்திடுங்க, ஷேது பாபு. நீலமே அடிச்சிடலாம்."

முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. நீலம் ஒழுங்காக ஒட்டவில்லை. நகத்தால் தள்ளினாலே பல இடத்தில் பெயர்ந்தது. அவசரத்தில், சரியாகத் தேய்க்காத பரப்பின் மேல் அடித்த பெயின்ட். அதன் மேல் புதுசை அடித்தால் எல்லாம் சேர்ந்து உரிந்து வரும். நான் ஹால்தார் பாபுவிடம் காட்டினேன். அவர் தேபாஷிஷின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேகா ஜாக்" என்றார். டீ சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தேபாஷிஷ் தனியாக வந்தார். கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா.

"ஷேது பாபு, நீலத்துக்குக் கீழ போகாதீங்க."

"போகாம அடிச்சா கொப்புளம் வரும், தாதா. அடுத்த மழைக்கே உரியும்."

"உரியட்டும்."

"அது என் வேலையில்ல, தாதா. உரியறதுக்குன்னு என்னால அடிக்க முடியாது."

அவர் கோபிக்கவில்லை. சந்தேஷ் டப்பாவை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹால்தார் பாபு மேஜையிலிருந்து எழுந்து வந்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. கேட்டது இவ்வளவுதான்: "வலது பக்கத்துல ஆரம்பிக்கவா, இடது பக்கத்துலயா?"

தேபாஷிஷ் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "வலது," என்றார்.

ஹால்தார் பாபு டீ சொன்னார்.

வலது பக்கம் சுலபமாக வந்தது. நீலத் தண்ணீரில் மஞ்சள் இழை தெரிந்ததும் கையை எடுத்தேன். ஜெல்கோட். கடுகுப்பூ மஞ்சள், முகம் பார்க்கிற அளவுக்கு வழுவழுப்பு. வீட்டு முற்றத்தில் ஒரு தனி ஆள் வார்த்தது என்று நம்ப முடியவில்லை. ருமா கைதட்டினார்.

"மஞ்சளா! நாங்க ரெண்டு பேரும் தோத்தோம். தாதா, உனக்குத் தெரியுமா இது மஞ்சள்னு?"

பல மாதத்துக்குப் பிறகு நேரே கேட்ட கேள்வி. தேபாஷிஷ் "தெரியாது" என்றார்.

பானட், கூரை, பின்பக்கம் எல்லாம் மஞ்சளாக வந்து முடிந்தன. கடைசியில் இடது பக்கம். இதை இனிமேல் தள்ளிப்போட இடமில்லை. இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹால்தார் பாபுவும் அன்று மேஜைக்குப் போகாமல் தூண் ஓரமாக நின்றார்.

நீலம் போனது. மஞ்சள் வரவில்லை. சாம்பல் நிறப் பட்டி வந்தது, தடிமனாக. அதை இறக்கினால் கண்ணாடி இழைப் பாய் நேரடியாகத் தெரிந்தது. முன்சக்கரத்துக்கு மேலிருந்து கதவின் கடைசி வரை, ஜெல்கோட்டே கிடையாது. ஓரங்களில் மட்டும் உடைந்த மஞ்சள், பல் பல்லாக.

"இது என்ன, ஷேது பாபு?" என்று ருமா கேட்டார். "செய்யும்போதே இப்படித்தான் செய்வாங்களா?"

நான் ஹால்தார் பாபுவைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்தார்.

"இல்ல, திதி," என்றேன். "ரிப்பேர். பெரிய அடி. இந்தப் பக்கம் மொத்தமா உடைஞ்சிருக்கு."

"அது எப்படி? ஒரு கீறல்கூட விழுந்ததில்லன்னு பாபா—"

"ருமு," என்றார் தேபாஷிஷ். "நான் டிராம்லேருந்து குதிக்கல."

ருமா திரும்பினார்.

"என் வாழ்க்கையில எந்த டிராம்லேருந்தும் நான் குதிச்சதில்ல. அது நிக்கற வரைக்கும் உக்காந்திருந்து, எல்லாரும் எறங்கின பிறகுதான் எறங்குவேன்."

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். வண்டி முடிந்த அன்று அப்பா அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு மைதானத்துப் பக்கம் ஓட்டிப்போயிருக்கிறார். அப்போது மஞ்சள். குறுக்கே ஒரு நாய் ஓடியது. அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார். நின்றிருந்த லாரியின் மூலையில் இடது பக்கம் மோதியது. இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர்.

"ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சப்ப பாபா பக்கத்துல அழுதுகிட்டிருந்தார். அவர் அழுது அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்ல. அம்மாகிட்ட டிராம்னு சொல்லிட்டேன், நீயும் அப்படியே சொல்றியான்னு கேட்டார். சரின்னேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"அம்மாவுக்கு?"

"கடைசி வரைக்கும் டிராம்தான்."

கம்ப்ரஸர் ஓடவில்லை. தெருவில் யாரோ ரிக்‌ஷாக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். ருமா எழுந்து, கம்ப்ரஸரைச் சுற்றிக்கொண்டு வந்து அண்ணனுக்கு எதிரே நின்றார். அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"என் பசங்ககிட்ட எத்தனை தடவ சொல்லியிருப்பேன், மாமா மாதிரி டிராம்லேருந்து குதிக்காதேன்னு! உன் முன்னாடியே சொன்னேனே. நீ ஏன் பேசாம உக்காந்திருந்த?"

"நீ நல்லா சொல்லுவ. டிராம் நம்பரெல்லாம் சேர்த்து."

ருமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. எது முதலில் என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கலாமா கூடாதா என்று யோசித்துக் கேட்டேவிட்டேன். "தாதா, முதல் நாளே நீங்களும் சிவப்புன்னு சொல்லியிருந்தா வேலை சிவப்போட நின்னிருக்குமே?"

"சிவப்பு முழுப்பொய், ஷேது பாபு. நீலம் பாதி உண்மை. கார்தான் என் கால உடைச்சதுன்னு அதுல ஏறவே பயம். அவ அத வெறுப்புன்னு நினைச்சா. போனவர் பேர எதுக்குக் கெடுக்கணும்னு இருந்தேன். நானே நிமிர்ந்து, அது மஞ்சள்னு எப்படிச் சொல்றது?" கதவைப் பார்த்துக்கொண்டே, "அவருக்கு இந்த வண்டி பொழைச்சதுதான் பெரிசு. அம்மா கண்ணுல படாம ஒரு நண்பர் வீட்ல வெச்சு, ஒரு மாசத்துல ஒட்டவெச்சு நீலம் அடிச்சுட்டார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது நகத்துல ரெசின் இருக்கும்," என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் ஹால்தார் பாபு என்ன நினைப்பாரோ என்றும் தோன்றியது. அவர் ஏற்கனவே இடது கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார், அந்த வெள்ளைச் சட்டையோடு, தானே. என்னைக் கூப்பிடாமல் அவர் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

அட்டை வந்ததும் உள்ளே தெரிந்தது. கதவின் நீளத்துக்கு ஒரு தடித்த இரும்புக் குழாய், வளைவுக்கு ஏற்றபடி வளைத்து, இழைப் பாய்க்குள்ளேயே புதைத்திருந்தது. அதே மாதிரி இன்னொன்று முன்பக்கம், காலை நீட்டி உட்காருகிற இடத்தில். வலது கதவில் அப்படி எதுவும் கிடையாது. அதை நான் ஏற்கனவே கழற்றிப் பார்த்திருந்தேன்.

ஹால்தார் பாபு விலகி நின்றுகொண்டு, "சொல்லு, ஷேது," என்றார்.

"தாதா, இங்க வந்து பாருங்க," என்றேன். "மத்த இடமெல்லாம் அவர் கை எவ்வளவு சுத்தம்! இங்க பாய் கோணல் மாணலா கிடக்கு, ரெசின் சரியா கலக்கல, நடுவுல காத்து நிக்குது. அழகா வரணும்னு செய்யல. ஒட்டுப்போட இவ்வளவு பாய் தேவையே இல்ல. மேல மேல அடுக்கிக்கிட்டே போயிருக்கார். இந்தக் குழாய் காருக்கு எதுக்கும் ஆகாது, வெறும் பாரம். திரும்பவும் ஒரு லாரி வந்து இந்தப் பக்கத்துல இடிச்சா, லாரிக்குத்தான் அடி படும். உள்ள உக்காந்திருக்கறவர் காலுக்கு ஒண்ணும் ஆகாது."

தேபாஷிஷ் தடியை ஊன்றி எழுந்து வந்தார். குழாயின் மேல் கையை வைத்தார். பாயில் ஓரிடத்தில், ரெசின் காயும் முன் பதிந்த விரல்தடம் இருந்தது. அதன் மேல் தன் விரலை வைக்கவில்லை, பக்கத்தில் வைத்தார்.

"அந்தக் கதவு எப்பவும் கனம்," என்றார் ருமா. "சாத்தவே முடியாது. குறைக்கக் கூடாதான்னு கேட்டா, கனமாவே இருக்கட்டும்னு சொல்வார்."

"யாருக்குன்னு வெச்சார் இத?" என்றார் தேபாஷிஷ். "நான்தான் ஏறவே இல்லையே."

அவர் கதவுக்குப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றார். ஹால்தார் பாபு டீ சொன்னார்.

அன்றைக்கு ருமா அணிவகுப்பே வேண்டாம் என்றார். வண்டியை அப்படியே மூடிவிடலாம் என்றார். ஒத்துக்கொள்ளாதவர் தேபாஷிஷ். அவர் சொன்னபடி செய்தோம். குழாயைத் தொடவில்லை. காற்று நின்ற இடங்களை மட்டும் அறுத்து, புதுப் பாய் வைத்து, வெளியே சமமாக்கினேன். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஜெல்கோட்டின் சில்லு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மஞ்சளைக் கலந்தேன். பொருந்துகிற வரைக்கும் கலந்தேன். ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே பிறகு தெரியவில்லை. ஹால்தார் பாபு தட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது.

வண்டியை எடுக்க இருவரும் சேர்ந்து வந்தார்கள். ருமா ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். தேபாஷிஷ் இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சந்தில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு மஞ்சள் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் தடியை முதலில் உள்ளே போட்டார், பின்னால் உடம்பை, கடைசியில் மடங்காத காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். அந்தக் கால் நீட்டுவதற்கு இடம் இருந்தது. கதவை அவரால் சாத்த முடியவில்லை. நான் வெளியிலிருந்து இடுப்பால் முட்டிச் சாத்தினேன்.

"மெதுவா ஓட்டு," என்றார்.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல, தாதா," என்றார் ருமா.

அணிவகுப்பில் பரிசு கிடைக்கவில்லை. ருமாதான் போன் செய்து சொன்னார். நடுவர்கள் கையில் பழைய வருடப் படங்கள் இருந்தனவாம், எல்லாவற்றிலும் கறுப்பு. இந்த மஞ்சள் அசல் நிறம் கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். ருமா பேசாமல் விட்டுவிட நினைத்தாராம். தேபாஷிஷ் கதவைத் திறந்துகொண்டு, அந்தக் காலை இறக்கி, எழுந்து நின்று, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், அசல் நிறம் இதுதான் என்று சொன்னாராம்.

படம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். படம் எடுக்க நேரம் கிடைக்கவில்லை, மஞ்சளில் ஒரே ஒரு நாள்தான் ஓடியது என்றாராம்.

அப்படியானால் பார்த்தவர் யார் என்று கேட்டார்களாம்.

"நான்தான்," என்றாராம். "எங்க அப்பா ஓட்டினார். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."